வினைமுற்றோடு சொல்க

எழுச்சி வென்ற மறு ஆண்டு, ஆடிக் காற்று அடங்கியிருந்த நாட்களில், பவளத்துறை ஐஸ் கம்பெனியின் நீண்ட மதிலில் ஆள் உயரச் சிவப்பு எழுத்துகளில் ‘போகிறவர் போகிறேன் என்றே சொல்க’ என்று எழுதினார்கள். அந்தச் சாயத்தின் ஈரம் காய்வதற்குள், ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வராமலிருக்கத் தொடங்கினார்கள்.

முதலில் போனவன் நகராட்சிக் குழாய்களைத் திறந்துவிடும் முத்துவீரன். மச்சினிச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறதென்று பக்கத்து ஊருக்குக் கிளம்பியவன், வாசலில் நின்று, பழக்கத்தில் நாக்குக்கு வந்துவிட்ட ‘போயிட்டு வாரேன்’ என்பதைப் பாதியில் விழுங்கி, மதிலில் படித்ததை நினைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிறவன்போல் ‘போகிறேன்’ என்றான். சொன்ன அவனுக்கும் சிரிப்பு வந்தது, ஈரக்கையோடு நின்ற அவன் மனைவிக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு தெருமுனை திரும்பியவன் அன்றைக்கும் வரவில்லை, குழந்தைக்குப் பெயர் வைத்த பிறகும் வரவில்லை. அவனுக்குப் பின்னால் வயிற்றுவலிக்கு மருந்து வாங்கப் போனவர் வரவில்லை. மருந்து வாங்கப் போனவரைத் தேடிப் போன அவர் தம்பி வரவில்லை. பெண் பார்க்கப் போன ஒரு வேன் ஆட்கள் வெற்றிலைத் தட்டோடும் பூவோடும் போனவர்கள் போனவர்கள்தான்.

யாரும் செத்துவிடவில்லை. உப்பு லாரி ஓட்டுகிற ஒருவர் முத்துவீரனை எங்கோ வடக்கே ஒரு டீக்கடையில் பார்த்துப் பேசியிருக்கிறார். “ஊருக்குத்தான் அண்ணாச்சி தினமும் கிளம்புதேன், ஊர்ப் பேரு போட்ட பஸ்ஸுலதான் ஏறுதேன், இறங்கிப் பாத்தா வேற ஊரா இருக்கு” என்றானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கவலையைவிட அலுப்புத்தான் அதிகம் இருந்ததாம். கேட்ட பவளத்துறைக்காரர்கள் வாயைப் பிளக்கவில்லை. “போறேன்னுதான சொன்னான், வாரேன்னு எங்க சொன்னான்?” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்த ஊரில் சொல்லுக்கு எப்போதுமே அப்படி ஒரு கனம் இருந்தது.

டீக்கடை காதர் முகைதீனுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். அவர் வீட்டில் அல்ல, கடையில்தான், கல்லாவை மூடிவிட்டு வேலையாட்களைப் பார்த்து ‘போகிறேன்’ என்றார். வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தார், மனைவி கையால் சாப்பிட்டார், விடிந்து கிளம்பினால் கடையைக் காணவில்லை. பாய்லர் விசில் கேட்கும், வடை வாசம் வரும், தெருவைச் சுற்றிச் சுற்றி வருவார், கடை மட்டும் அகப்படாது. கடைசியில் அவர் வீட்டு முன்னறையில் சும்மா உட்கார்ந்து, தன் கடையிலிருந்தே டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தார். “சீனி ஜாஸ்தியாப் போடுதானுவ, என் தொழிலை அழிக்கத்தான்” என்று மட்டும் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மதில் எழுத்தை யோசித்துச் சொன்னவள் ஜெசிந்தா. ஜெசிந்தாவைப் பெற்றவள் அமலோற்பவம். மதிலுக்கு உள்பக்கம், ஐஸ் கட்டி வாங்க வருகிற மீன் வண்டிகளுக்கு டோக்கன் கிழித்துக்கொடுக்கும் சன்னலில் அவள் பல காலமாக வேலை பார்த்தாள். சன்னலிலிருந்து பார்த்தால் ஊருக்குள் வருகிற ஒரே தார்ச்சாலையும் பனைகளுக்கு நடுவே அது வளைகிற இடமும் தெரியும். அந்த வளைவில் மறைகிறவர்களையும் அதற்குப் பின் காலியாகக் கிடக்கிற சாலையையும் ஊரில் எல்லோரையும்விட அதிகம் பார்த்தவள் அவள்தான்.

மகள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வர முடியாதபடி ஒரு பழைய கதை நடுவில் கிடந்தது. பவளத்துறைக்காரர்கள் விளக்கை அணைக்கமாட்டார்கள், அமர்த்துவார்கள். வீட்டில் உப்புத் தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லமாட்டார்கள், ‘உப்பு நிறைஞ்சிருக்கு’ என்று பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போவார்கள். அந்த ஊர்த் தெருவில் பிறந்து வளர்ந்த ஒருவர் பழைய அரசாங்கத்தில் அரிசிக் கிடங்கு அதிகாரியாக இருந்தார். மழை பொய்த்த ஆண்டில் கிடங்கின் தரை தெரிந்துவிட்டபோது, தீர்ந்தது என்ற சொல் கைக்கு வராமல், ‘கிடங்கு நிறைந்திருக்கிறது’ என்று தலைநகருக்குத் தந்தி கொடுத்தார். அங்கே அதைப் படித்தவருக்கு இந்த வழக்குத் தெரியவில்லையோ, தெரிந்தும் வசதியாக மறந்தாரோ, நிறைந்திருக்கிற ஊருக்கு எதற்கு அரிசி என்று லாரிகளை வேறு பக்கம் திருப்பிவிட்டார். வானொலி காலையிலும் மாலையிலும் பவளத்துறை நிறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பஞ்சத்தில் அமலோற்பவத்தின் இளையவன் ரூபன், அவள் மடியிலேயே, வானொலி கேட்டுக்கொண்டே போய்விட்டான். அப்போது ஜெசிந்தா பாவாடை கட்டின பெண். ரேஷன் கடை வரிசையில் காலையிலிருந்து காலிப்பையோடு நின்றவளிடம் கடைக்காரர், குழந்தை மனம் நோகக்கூடாதென்று, “அரிசி நிறைஞ்சிருக்கு பாப்பா” என்று அன்பாகத்தான் சொன்னார்.

அவள் வளர்ந்து கல்லூரியில் தமிழ் படித்தாள். அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வதற்கு இலக்கணத்தில் ஓர் இடமும் பெயரும் இருப்பதைப் படித்த அன்று விடுதியில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு துறைமுகத் திடலில் முதல்முறையாக ஒலிபெருக்கி முன் நின்றபோது, ஒல்லியாக, குரல் நடுங்க, ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: “நிறைந்திருக்கிறது என்று சொல்லித்தான் என் தம்பியைக் கொன்றார்கள்.” அந்த வாக்கியத்தில் ஊர் எழுந்தது. மீன் கூடைகளை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் எழுந்தார்கள். உப்பளத்தில் கால் வெடித்த ஆண்கள் எழுந்தார்கள். போலீஸ்காரர்களே தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார்கள். ஒரு வாக்கியத்தால் கவிழ்ந்த அரசாங்கம் அதற்கு முன்னால் உண்டா என்று பிறகு கூட்டங்களில் கேட்டார்கள். அமலோற்பவமும் அன்று எழுந்தவள்தான். கவிழ்த்த வாக்கியத்துக்குப் பிறகு அடுத்த வாக்கியம் வேண்டுமே. அதற்காகச் சொல் சீர்திருத்தக் குழு என்று ஒன்று வைத்தார்கள். முன்பு வக்கீலாக இருந்த தோழர் இளம்பரிதி அதற்குத் தலைவர், ஜெசிந்தா செயலாளர். இனி யாரும் வளைத்துப் பேசக்கூடாது, போகிறவர் வருகிறேன் என்று சொல்வதும் காலிக் கிடங்கை நிறைந்தது என்று சொல்வதும் ஒரே பொய்யின் இரண்டு முனைகள் என்று அவள் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அமலோற்பவத்தால் அப்போது விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. பின்னால் எப்போதும் முடியவில்லை.

ஊர் தன் பாட்டில் வழிகளைக் கண்டுபிடித்தது. முதலில் எல்லோரும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் பார்த்தார்கள். அப்படிக் கிளம்பியவர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் இழவு வீட்டிலிருந்துதான் சொல்லாமல் கிளம்புவது வழக்கம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் காலையில் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லாமல் வெளியேற, தினமும் ஒரு சாவு விழுந்த தெருபோல ஊர் ஆகிவிட்டது. குழு அதைச் சொற்பதுக்கல் என்று அறிவித்தது. அரிசியைப் பதுக்கினவனுக்கும் சொல்லைப் பதுக்கினவனுக்கும் என்ன வேறுபாடு என்று தோழர் இளம்பரிதி ஒலிபெருக்கியில் கேட்டார். கேட்டவுடன் எல்லோருக்கும் பழைய பஞ்சம் நினைவுக்கு வந்தது. தெருமுனைகளில் தொண்டர்கள் நின்றார்கள். “தோழர், சொல்லிட்டுத்தான வந்தீங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

பிறகு பெயர்ச்சொல்லால் தப்பித்தார்கள். வாசலில் நின்று ‘வேலை’ என்பார்கள், ‘சந்தை’ என்பார்கள், ‘ஆஸ்பத்திரி’ என்பார்கள். அமலோற்பவமும் கொஞ்ச காலம் ‘ஐஸ்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, ஒழுங்காக வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தாள். அதற்கும் மதிலில் எழுத்து வந்தது: ‘வினைமுற்றோடு சொல்க’. பள்ளிக்கூடம் பக்கமே போகாத மீன்காரிகள்கூட வினைமுற்று என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பயந்தார்கள். அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி, வீட்டில் ஆள் இருந்தால்தானே சொல்ல வேண்டும் என்று, ஒரு தீப்பெட்டி வாங்கப் பெண்டாட்டி பிள்ளை மாமியார் ஆட்டுக்குட்டி சகிதம் ஊர்வலமாகக் கிளம்பினான். சில நாள் பவளத்துறைத் தெருக்களில் எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாகச் சாமான் வாங்குகிற ஊர்வலங்கள். படுக்கையில் கிடந்த கிழவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ப் புளி வாங்கினார்கள். அடுத்த வீட்டாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் வீட்டைப் பூட்டவேண்டும் என்று குழு சொன்னதும் அதுவும் நின்றது. அதன்பிறகு ஊரில் யாரும் அதிகம் எங்கேயும் போகவில்லை. வேலைக்குப் போயே தீரவேண்டியவர்கள் தொண்டர் கண்ணில் படாத சந்துகளில் சொல்லாமல் போய்வந்தார்கள்; குழுக்காரர்களை மட்டும் தொண்டர்கள் கேட்கவில்லை. தோழர் இளம்பரிதிகூடக் குழு அலுவலகத்திலேயே கட்டில் போட்டுக்கொண்டு, வேட்டியை அங்கேயே துவைத்துக் காயப்போட்டு, வீட்டுக்கே போகாமலிருந்தார். மக்கள் பணி என்று சொன்னார்கள். வாசற்படியை அவர் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை.

திரும்பாதவர்களின் வீடுகளுக்குக் குழு பலகை அடித்தது. ‘முன்னேறியவர் இல்லம்’ என்று அழகான எழுத்தில் இருந்தது. அதைப் படித்த அன்று சாயங்காலம் அமலோற்பவம், சாளை மீன் ஆய்ந்துகொண்டே, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகளிடம் கேட்டாள்.

“ஏட்டி, முத்துவீரன் பொண்டாட்டி வீட்டுல பலகை அடிச்சிருக்கீங்களே, அவன் முன்னேறிட்டானா?”

“குழு வச்ச பேரும்மா.”

“காணாமப் போனவனை முன்னேறிட்டான்னு சொன்னா, அது என்னது? தீந்த உப்பை நிறைஞ்சிருக்குன்னு சொல்ற மாதிரி இல்ல?”

செருப்பின் வார் ஜெசிந்தாவின் கையிலேயே இருந்தது. “நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஓட்டுக்கு விட்டாங்க” என்றாள்.

“நீ வேண்டாம்னா வேண்டாம்தானன்னு நினைச்சேன்.”

“அதெல்லாம் முன்னாடிம்மா. இப்ப அந்தச் சொல்லு நம்ம கையில இல்ல.”

அதைச் சொன்னபோது அவள் முகம், வரிசையில் காலிப்பையோடு நின்றுவிட்டு வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. அமலோற்பவம் மீன் கையைக் கழுவாமலே எழுந்து போய் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “நாறுதும்மா” என்றாள் மகள், விலகாமல்.

கார்த்திகை பிறந்ததும் தலைநகரிலிருந்து அழைப்பு வந்தது. எல்லா ஊர்க் குழுக்களும் கூடுகிற சொல் மாநாடு. பவளத்துறையின் வாக்கியத்தைச் சொன்னவளே வந்து பேச வேண்டும். வழியனுப்பு விழாவுக்குப் பேருந்து நிலையத்தில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்தார்கள். ஊர் முழுக்கக் கேட்க அவள் ‘போகிறேன்’ என்று சொல்லி ஏறவேண்டும். சொல்லத்தான் போகிறாள், அவள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளைப் பிடிக்காதவர்கள்கூட அந்த நாட்களில் அவளைப் பார்த்தால் பாதையை விட்டு ஒதுங்கி நின்றார்கள். பலகைக்காரர் அளவு எடுக்க வீட்டுக்கே வந்துவிட்டார். அமலோற்பவம் அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்து, “கதவைத் தொடாதீங்க தம்பி” என்று அனுப்பிவைத்தாள்.

அன்றே அவள் குழு அலுவலகத்துக்குப் போனாள். தோழர் இளம்பரிதி கட்டிலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பாதி நுரையோடு எழுந்து நின்று நாற்காலி போட்டார். நல்ல மனிதர், பஞ்சத்தில் அவர் தாயும் போயிருந்தாள்.

“ஐயா, எம்பிள்ளை போயிட்டு வாரேன்னு சொல்லட்டும்.”

“தோழர்னு சொல்லுங்கம்மா.”

“தோழர், எம்பிள்ளை போயிட்டு வாரேன்னு சொல்லட்டும்.”

அவர் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டார். “அந்த ஒரு சொல்லை உள்ள விட்டா, அது பின்னாலேயே நிறைந்திருக்கிறதும் வந்து நிக்கும். உங்க ரூபனை நினைச்சுப் பாருங்க.”

“நினைக்காம இருந்தாத்தான சொல்லணும். போன பிள்ளையைச் சொல்லிச் சொல்லி இருக்கிற பிள்ளையையும் கேக்கிறீங்களே.”

“நான் கேக்கலம்மா. ஊர் கேக்குது.”

“ஊருன்னா யாரு? எல்லா வீட்டுலயும் பலகை தொங்குது.”

அவர் சன்னல் வழியாகப் பார்த்தார். கீழே பந்தல்காரர்கள் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். “எனக்கும் ஒரு வீடு இருக்கும்மா,” என்றார் மெல்ல. “அடுத்த தெருதான். போய் ரொம்ப நாளாச்சு.” பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, மேடைக் குரலில், வாழ்த்துச் சொன்னார். அவள் எழுந்தாள். வாசலில் நின்ற தொண்டர், “சொல்லிட்டுப் போங்க தோழர்” என்றார். இங்கே இனி வரவேண்டிய வேலை அவளுக்கு இல்லை. “போகிறேன்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த அலுவலகத்தை அவள் பிறகு ஒருபோதும் பார்க்கவில்லை.

கிளம்புகிற அன்று காலை ஜெசிந்தா பழைய சோற்றைப் பிழிந்து உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். துணிப்பையில் இரண்டு சேலையும் ஒரு துண்டும் வைத்தாள். அமலோற்பவம் வாசற்கதவில் சாய்ந்து நின்றாள்.

“மைக்குல நீ என்ன வேணும்னாலும் சொல்லு. இங்க, எங்கிட்ட மட்டும், வாய்க்குள்ள, போயிட்டு வாரேன்னு சொல்லிரு. எனக்கு அது போதும்.”

“நான் மட்டும் மாத்திச் சொன்னா, என் பேச்சைக் கேட்டுப் போறேன்னு சொல்லிப் போனவங்களுக்கு என்னம்மா பதில் சொல்லுவேன்?”

“பதில் சொல்லணும்னா நீ ஊருக்குள்ள இருக்கணும்லா.”

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிந்த இடத்தில் உதடு கோணியது. பையைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் முகத்துக்கு நேரே நின்று, “போயிட்டு” என்றாள். அதற்குமேல் வரவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, தெருத்தெருவாக, போவதும் வருவதும் ஒரு வாயில் நிற்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அவள் நாக்கில் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு வெட்டு விழுந்திருந்தது. மறுபடியும் “போயிட்டு” என்றாள், மறுபடியும் நின்றாள், கண்ணில் நீர் தளும்பிவிட்டது. திக்குகிற பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல் அமலோற்பவம் வாயை அசைத்துக் காட்டினாள். பயனில்லை.

“சரி விடு, நேரமாச்சு” என்றாள் தாய்.

பந்தலில் ஊரே நின்றது. திரும்பாதவர்களின் பெண்டாட்டிகள் முன்வரிசையில் நின்றார்கள். ஜெசிந்தாவும் திரும்பாமல் போகவேண்டும் என்று அவர்கள் வேண்டிக்கொண்டார்களா, அவளாவது திரும்பட்டும் என்று வேண்டிக்கொண்டார்களா, அவர்களுக்கே தெரியாது. தோழர் இளம்பரிதி அலுவலகத்திலிருந்தே கம்பி வழியாகச் சொன்ன வாழ்த்தைக் கேட்டார்கள். ஓட்டுநர் பேருந்தை உறுமவிட்டார். ஜெசிந்தா ஒலிபெருக்கியைப் பிடித்தாள், கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள், கண்டாள். அதுவரை பொய்யே பேசாத பெண், அம்மாவுக்காக, ஊர் முழுக்கக் கேட்க, அவளால் முடிந்த பாதியைச் சொன்னாள்.

“வாரேம்மா.”

வாழைமரங்கள் சலசலத்தது கேட்டது. ஒரு கிழவி, “சொல்லிட்டா, வாரேன்னு சொல்லிட்டா” என்று பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முத்துவீரன் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதாள். யாரும் ஜெசிந்தாவைத் துரோகி என்று சொல்லவில்லை. தொண்டர்கள் கீழே பார்த்தார்கள். அமலோற்பவத்துக்கு மட்டும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பழைய நாளில் யார் முழுக்கச் சொன்னார்கள், அவசரத்தில் எல்லோரும் ‘வாரேன்’ என்றுதானே சொல்லி ஓடினார்கள், அது போதும், அது போதும் என்று நினைத்துக்கொண்டு, பேருந்து வளைவில் மறைகிறவரை கையை ஆட்டினாள்.

ஜெசிந்தா மாநாட்டில் பேசினாள். வானொலியில் ஊர் கேட்டது. மாநாடு முடிந்து திரும்பவேண்டிய நாள் சாயங்காலம் அமலோற்பவம் சன்னலில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தபோது, பனைகளுக்கு நடுவே, வளைவில், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் நடந்து வருவது தெரிந்தது. பேருந்து எங்கோ பழுதாகி நின்றிருக்கும், நடந்தே வந்துவிட்டாள் என்று நினைத்தாள். டோக்கன் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஊரும் பின்னால் ஓடியது. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வந்தாள், கையை உயர்த்திக் காட்டினாள், வேகமாகத்தான் நடந்தாள். இவர்களும் வேகமாகத்தான் நடந்தார்கள். இடையில் கிடந்த தார்ச்சாலை மட்டும் குறையவே இல்லை. இருட்டி, அவள் சேலையின் வெள்ளைக் கரை கடைசியாக மறைகிறவரை வந்துகொண்டே இருந்தாள். மறுநாள் சாயங்காலமும் வளைவில் தெரிந்தாள். அதற்கு மறுநாளும்.

பழைய ‘வாரேன்’ என்பதற்குள், சட்டைக்கு உள்துணிபோல, ஒரு போவதும் ஒரு திரும்புவதும் ஒரு கதவைத் தட்டுவதும் கண்ணுக்குத் தெரியாமல் தைத்திருந்தது. ஊர் கூடி அந்த உள்துணியை உருவி எடுத்துவிட்டது. இப்போது அந்தச் சொல் சொன்னதைத்தான் செய்தது. வருகிறேன் என்றாள், வருகிறாள். வந்து சேர்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

ஆனாலும் போனவர்களை வடக்கே டீக்கடையில் தேடுவதைவிட இது மேல் என்று ஊருக்குப் பட்டது, கண்ணுக்காவது தெரிகிறதே. யாரும் உத்தரவு போடாமலே எல்லோரும் ‘வாரேன்’ என்று சொல்லிக் கிளம்ப ஆரம்பித்தார்கள். முழுதாகப் ‘போயிட்டு வாரேன்’ என்பது அதற்குள் அவர்கள் நாக்கிலும் வெட்டுப்பட்டிருந்தது. குழு பார்க்காததுபோல் இருந்தது. சில மாதங்களில் சாயங்காலமானால் வளைவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்: பள்ளிக்கூட வாத்தியார், சைக்கிளில் சிலிண்டர் கட்டினவர், பேரனைப் பார்க்கப் போன தம்பதி, எல்லோரும் வீட்டை நெருங்கிவிட்ட முகத்தோடு. கடலிலும் அப்படியே. அடிவானத்தில் படகுகள் முகப்பைக் கரைக்குத் திருப்பி, என்ஜின் சத்தம் லேசாகக் கேட்க, வந்துகொண்டேயிருந்தன. ஐஸ் கம்பெனியில் கட்டிகள் மீன் இல்லாமல் உமிக்குள் கரைந்து வாய்க்காலில் ஓடின. வீடுகளில் சரியான நேரத்துக்கு உலை வைத்தார்கள், வெந்நீர் போட்டார்கள், வாசல் தெளித்தார்கள். ‘முன்னேறியவர் இல்லம்’ பலகைகளைக் குழுவே கழற்றிக்கொண்டு போய், ‘வந்துகொண்டிருப்பவர் இல்லம்’ என்று எழுதி அனுப்பியது. மதிலில் வெள்ளையடித்து, ‘வருகிறார்கள்’ என்ற ஒரே சொல்லை எழுதினார்கள். தோழர் இளம்பரிதி தினமும் ஒலிபெருக்கியில், ஓர் ஊரே வந்துகொண்டிருக்கிறது, இதைவிட எழுச்சிக்கு வேறு சான்று வேண்டுமா என்று கேட்டார். வினைமுற்றுத்தான், அதில் பிழை இல்லை. அவர் குரல் மட்டும் வரவர வயதாகிக்கொண்டு போனது.

காதர் முகைதீன் ஒருநாள் முன்னறையில் உட்கார்ந்தபடி அமலோற்பவத்தைக் கூப்பிட்டார்.

“இன்னிக்கும் வந்தாளாம்மா?”

“வந்துக்கிட்டிருந்தா, பாய்.”

“உடம்பு எப்படி?”

“கருத்திருக்கா. வெயில்ல நடக்கால்லா.”

“ஒரு குடை கொடுத்து விடலாம்னா, யாருகிட்ட கொடுத்து விட?” என்றார் அவர். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அவள் செய்து பார்க்காதது எதுவும் இல்லை. விடிவெள்ளி எழும்புமுன் வளைவிலேயே போய் நின்று பார்த்தாள். அன்று மகள் அடுத்த வளைவில் தெரிந்தாள். சொல்லாமல் கிளம்பிப் பார்த்தாள். ‘சாலை’ என்று பெயர்ச்சொல் சொல்லிக் கிளம்பிப் பார்த்தாள். அப்படிக் கிளம்புகிறவர்கள் எவ்வளவு நடந்தாலும் வீட்டுக்குத்தானே வந்து சேர்வார்கள், அவளும் அப்படியே தன் வாசலிலேயே வந்து நின்றாள். ஆண்டுகள் போயின. குழு என்ற ஒன்று இருந்ததை மறந்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களுக்கு, சாயங்காலச் சாலையில் ஆட்கள் வந்துகொண்டிருப்பது நிலா வருவதுபோல ஒரு காட்சி. அமலோற்பவத்தின் முட்டி தேய்ந்தது. கண்ணில் புரை விழுந்து, வருகிறவர்களில் மகள் யார் என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒருநாள் அந்த நடையும் தட்டுப்படாமல், வேறு யார் பெண்ணையோ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள். அன்று அவள் உலை வைக்கவில்லை.

மறுநாள் வெயில் சாய்ந்ததும் முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வாசலில் இறங்கி நின்றாள். பதுக்காமல், வளைக்காமல், வினைமுற்றோடு, யாருமில்லாத தன் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்: “போகிறேன்.”

சொன்னவுடன் வீடு தன்னை விட்டுவிட்டது அவளுக்குத் தெரிந்தது. பிடித்திருந்த கையை யாரோ தளர்த்தியதுபோல இருந்தது. ஐஸ் கம்பெனியைத் தாண்டினாள். மதிலைத் தாண்டினாள். தார்ச்சாலை முதல்முறையாகக் காலுக்கடியில் ஓடத் தொடங்கியது. வளைவில் தெரிந்த சின்ன உருவம் பெரிதாயிற்று, பையின் வார் தெரிந்தது, சேலைக் கரை தெரிந்தது, புரை விழுந்த கண்ணுக்கும் தெரிகிற அளவுக்கு முகம் வந்துவிட்டது. காதோரம் நரைத்திருந்தாள். நெற்றியில் வேர்வை. ஆனால் அந்த முகத்தில் இன்னும் நாலு வீடு தாண்டினால் தன் வீடு என்கிற அவசரம் மட்டுமே இருந்தது.

எதிரெதிரே வந்தார்கள். அமலோற்பவம் நிற்கப் பார்த்தாள். போகிறவளுடைய கால் நிற்கவில்லை. கையை நீட்டினாள், மகளின் முழங்கை வேர்வை ஈரத்தோடு உள்ளங்கையில் பட்டு வழுக்கிப் போயிற்று.

“சாப்பிட்டியாட்டி?”

“வந்து சாப்பிடுதேம்மா” என்றாள் ஜெசிந்தா, வீட்டுப் பக்கம் பார்த்தபடியே, நடையைக் குறைக்காமல்.

தாயின் கால்கள் அவளை மறுபக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தன.